தாரை வார்க்கப் போகும் கை

முத்து,

இதைக் கையால் எழுதுகிறேன், ஆச்சரியப்படாதே. வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டிவிட்டுக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். போன முறை நீயே சிரித்துச் சிரித்துச் சொன்னாய், "அம்மா, உங்களை ரெண்டு மடங்கு ஸ்பீட்டிலை விட்டாத்தான் மற்ற ஆக்கள் கதைக்கிற மாதிரி இருக்கு" என்று. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த வாய், படிப்படியாகத்தான் வரும். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. ஒரு தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு, இருந்து, தனியாக வாசி. ரவி பக்கத்தில் நின்றால் ஏதாவது வாங்கக் கடைக்கு அனுப்பு. பிறகு அவனுக்கும் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். ஆனால் முதலில் நீ.

நீ லண்டனில் இருந்து அனுப்பிய அழைப்புப் பட்டியல் கிடைத்தது. ரவியின் மட்டக்களப்புச் சொந்தங்கள் ஒரு பஸ் நிறைய. உன் அப்பாவின் தங்கை சாம்பியாவில் இருந்து மூன்று பேரோடு வருகிறாள். கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு மரக்கறி கொடுத்த மனுஷனின் பெயர்கூட இருக்கிறது. மண்டபம் வெள்ளவத்தையில், மாமா வீட்டில் இருந்து பத்து நிமிட நடை. ஆனால் மாமாவின் பெயர் இல்லை. கீழே ஒரு குறிப்பு மட்டும் எழுதியிருந்தாய்: "மாமா வரக்கூடாது. இதைப் பற்றி என்னோடை கதைக்க வேண்டாம். தாரை வார்க்கிறது அம்மா." இரண்டாவது வசனத்தை நான் இப்போது மீறுகிறேன். மூன்றாவது வசனத்தைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கதை இருக்கிறது.

தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமனும் மாமியும் ஜோடியாக நின்று தாரை வார்ப்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். தாலி இல்லாத நான் மணவறைப் பக்கமே போகாமல், பலகாரத் தட்டு எத்தனை என்று எண்ணிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டியவள். நீ விட்டாயா? ஐயரை வீடியோவில் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டாய்: "ஐயா, என்னை ஒரு நாளும், ஒருத்தருக்கு முன்னாலையும் விட்டுக்குடுக்காத ஆள் எங்கடை அம்மா. அவவை விட்டிட்டு வேறை ஆர் என்னைக் குடுக்கிறது?" ஐயர் தலையைச் சொறிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கடைசியில் "சரி பிள்ளை, சாஸ்திரத்திலை பார்ப்பம், வழி இருக்கும்" என்றார். நான் பக்கத்தில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து நீயும் அழுதாய். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அடுத்த நாளே போய் மயில் கழுத்து நிறத்தில் சாறி எடுத்தேன், எழுபது வயதில் எனக்கு அது தேவையா என்று கேட்காதே. ஆனால் அந்த "ஒரு நாளும்" என்ற சொல் தொண்டையில் மீன் முள்ளு மாதிரி நிற்கிறது. ஒரு நாள் விட்டுக்கொடுத்தேன், முத்து. அதைச் சொல்லாமல் அந்த மணவறையில் ஏற எனக்குக் கால் வராது. சொன்னபிறகு நீ ஏற விடுவாயோ தெரியாது. அதுதான் பயம். பயமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த இடத்தில் இருந்தே தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து ஆட்கள் சாம்பியாவுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கப் போன காலத்தில் நானும் போனேன். அங்கே அதே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த உன் அப்பா, அந்த நாட்டு மனுஷன், என் கரும்பலகையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லாமல், இடைவேளையில் வந்து காதோடு சொன்னார். அந்த ஒரு காரியத்துக்காக அவரைக் கட்டினேன். ஊருக்கு எழுதினேன். அண்ணை, அதாவது உன் மாமா, பதில் போடவில்லை. எட்டு வருடம் போடவில்லை. நீ பிறந்தபோதும் இல்லை. உன் அப்பா லொறி மோதிப் போன செய்திக்குத்தான் பதில் வந்தது, தந்தியில், இரண்டே சொல்: "வா. பிள்ளையோடு." ஊரில் சண்டை, போக முடியாது. அதனால் வெள்ளவத்தையில் அண்ணையின் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். உனக்கு ஏழு வயது, முத்தாலே என்ற பெயர், தலை நிறைய உன் அத்தை பின்னிவிட்ட இருபத்தாறு சின்னப் பின்னல். முத்தாலே என்பது மாமியின் வாயில் நுழையாமல் ஒரே வாரத்தில் முத்து ஆனது.

அந்தப் பின்னல்கள் படுத்திய பாடு இருக்கிறதே! இரண்டு மாதத்தில் அவிழத் தொடங்கின. நான் யாழ்ப்பாணத்துக்காரி, தலை என்றால் நல்லெண்ணெய், சீப்பு, இரட்டைப் பின்னல், வேறு ஒன்றும் தெரியாது. மூன்று சீப்பு முறிந்தது. நீ போட்ட கத்தலில் கீழ்வீட்டு பரீதா ராத்தா, பிள்ளையைக் கொல்லுகிறார்கள் என்று நினைத்து, கையில் அகப்பையோடு படியேறி ஓடிவந்தா. "அல்லாவே, இது என்ன பாவம்! காஞ்ச தலையிலயா சீப்பு வெக்கிற? நனைங்க புள்ள!" என்று உன்னைப் பைப்படிக்குக் கொண்டுபோனா. பிறகு உன் அத்தைக்கு எழுதினேன். ஆறு கிழமையில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒவ்வொரு பின்னலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் கீறிய எட்டுப் படம். நானும் ராத்தாவும் அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டிவைத்து, கேத்திரகணிதம் செய்கிற மாதிரி உன் தலையைச் செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணித்தியாலம் எடுக்கும். நீ நடுவில் இருந்து கச்சான் கடலை தின்றுகொண்டு எங்கள் இரண்டு பேரையும் பிழை பிடிப்பாய்.

மாமியும் தன் பங்குக்கு விடவில்லை. கடலைமா, மஞ்சள், தயிர் எல்லாம் குழைத்து உன் முகத்தில் பூசுவா. "கொஞ்சம் வெளுத்திட்டா நல்ல வடிவான பிள்ளை" என்பா. மனுஷி அதை அன்பு என்றுதான் நினைத்தா. நீ கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "மாமி, இனி என்னைப் பொரிக்கப் போறீங்களோ?" என்று கேட்டாய். அண்ணை பேப்பருக்குப் பின்னால் இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் பொடியன்கள் உன்னைப் பார்த்து, ஆபிரிக்க ஆட்களுக்குச் சொல்கிற வசையில், "காப்பிலி, காப்பிலி" என்று கத்துவான்கள். மூன்றாம் நாள் நீ நடுவில் நின்று, கையை உயர்த்தி, கண்ணை உருட்டி, "கமோ, டுபிலி, டுட்டாட்டு" என்று சத்தமாகச் சொன்னாய். பேயை ஏவி விட்டாய் என்று நினைத்துப் பொடியன்கள் பிடித்த ஓட்டம், ரயில் தண்டவாளத்தைத் தாண்டித்தான் நின்றது. உன் அப்பாவின் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாய், வேறு ஒன்றுமில்லை. நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனேன். அன்று பின்னேரம் குளிக்க வைக்கும்போது பார்த்தால், உன் முழங்கால் இரண்டும் உரஞ்சி இரத்தம். பீர்க்கங்காய்த் தும்பால் நீயே தேய்த்திருக்கிறாய். "கொஞ்சமாவது போகுமோ எண்டு பாத்தனான்" என்றாய். அந்த வேதனையை எழுதத் தெரிந்தால் நான் ஏன் கணக்கு டீச்சராக இருந்தேன்? உன்னைத் துவாயோடு அள்ளிப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈரநிலத்தில் இருந்துவிட்டேன்.

மாமா நல்லவர் என்று உன்னை நம்பவைக்க வரவில்லை. அவர் கௌரவம் பார்க்கிற மனுஷன். அவர் மகளை, உன் மச்சாள் சுகந்தியைப் பெண் பார்க்க வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. "இண்டைக்கு மட்டும் பிள்ளையைக் கீழை விடு, தங்கச்சி. வாற சனம் நூறு கேள்வி கேக்கும்" என்று அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நானும் உன்னை ராத்தா வீட்டில் விட்டேன். நீ என்ன செய்தாய்? ராத்தா கொடுத்த வட்டிலப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மேலே வந்து, சபை நடுவில் நின்று, "வாங்கோ, இருங்கோ, எல்லாரும் தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று கேட்டாய். மாப்பிள்ளையின் தாய் வாயைப் பொத்தினா. மாமி அவசரமாக, "இது கீழ்வீட்டுப் பிள்ளை" என்றா. நீ, "இல்லை, நான் மேல்வீடு. சுகந்தியக்கா என்ரை மச்சாள். அவ நல்லவ, ஆனா காலமை எழும்ப மாட்டா" என்றாய். சபை சிரித்த சிரிப்பில் சம்பந்தம் அந்த இடத்திலேயே ஒப்பேறியது. அந்த அம்மா போகும்போது உன் கன்னத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் போனா. ஒளித்து வைத்தது நாங்கள், ஒளியாமல் நின்றது நீ. இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது இனித்தான் வருகிறது.

அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழர் வீடு என்றால் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிய வேண்டும். ஒரு படிவம் தருவார்கள். பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், வீட்டுக்காரருக்கு என்ன முறை என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் ஒரு பிரதியை வீட்டில் வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்களை எண்ணுவார்கள். அண்ணைக்குத் துறைமுகத்தில் வேலை, லீவு எடுக்க ஏலாது. அவருக்குச் சிங்களம் பேச்சிலும் குறைவு, எழுத்தில் இல்லவே இல்லை. நான் ஆசிரியர் பயிற்சியில் சிங்களம் படித்தவள். அதனால் வெறும் படிவத்தின் அடியில் வீட்டுக்காரர் என்று கையெழுத்தை வைத்து, "நீயே நிரப்பிக் குடுத்திட்டு வா" என்று தந்துவிட்டு வேலைக்குப் போனார். இந்த வசனத்தை மறுபடி வாசி, முத்து. கையெழுத்து மட்டும்தான் அவருடையது.

நீயும் பரீதா ராத்தாவும் என்னோடு வந்தீர்கள். வரிசை வாசல்வரை நின்றது. கால் நோகுது என்று நீ சிணுங்க, ராத்தா உன்னை வெளியே கச்சான் வாங்கக் கூட்டிப்போனா. நான் மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணை, மாமி, சுகந்தி, நான். உன் பெயரையும் எழுதிவிட்டேன். அப்போது பின்னால் இருந்து ஒரு குரல், "அட, நீயே!" திரும்பினால், ஊரில் என்னோடு படித்தவள். எனக்கு எப்போதும் இரண்டாமிடம், அவளுக்கு முதலாமிடம். பட்டுப் பிளவுஸ், காதில் வைரத்தோடு. அதையும் இதையும் விசாரித்துவிட்டுக் கேட்டாள்: "உள்ளை வரேக்கை பாத்தன், உன்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு ஒரு காப்பிலிப் பிள்ளை. ஆர் அது? வேலைக்கு வைச்சிருக்கிறியளோ?"

நான் "ஓம்" என்றேன்.

அவ்வளவுதான். யாரும் என்னை மிரட்டவில்லை. உன்னைப் பெற்று எட்டு வருடம், உன் அப்பாவை மண்ணுக்குக் கொடுத்து ஒரு வருடம், எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் கொட்டிவிட்டேன். பெரிய சோகக் கதையை அந்த வரிசையில் நின்று சொல்ல வேண்டும், அவள் "ஐயோ பாவம்" என்று உதட்டைச் சுழிப்பாள், நாளைக்கு ஊர் முழுக்கக் கதை போகும். அதைத் தாங்க முடியவில்லை, வெட்கமாக இருந்தது. சொன்னபிறகு அவள் போனாளா? இல்லை, என் பேனையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிங்களம் அவளுக்கும் வாசிக்கத் தெரியும். உன் பெயருக்கு நேரே, முறை என்ற கட்டத்தில், "வேலை செய்கிற பிள்ளை" என்று எழுதினேன். என் கைதான் எழுதியது. உன் கடவுச்சீட்டில் விசா முடிந்திருந்தது, வெளிநாட்டுப் பிள்ளை என்றால் கேள்வி வரும், அதற்காகத்தான் எழுதினேன் என்று பிறகு எனக்கு நானே நூறு தரம் சொல்லிப் பார்த்தேன். அது பொய். விசாவின் நினைவே எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னை வேலைக்காரப் பிள்ளை என்று எழுதியது அவமானம் என்று அழுத நான், எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் மலைநாட்டில் இருந்து கூட்டிவந்த எட்டு வயதுப் பிள்ளைகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டு நின்றார்கள், அவர்களுக்காக ஒரு நாளும் அழவில்லை.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். நான் இடியப்பம் அவித்துக்கொண்டு நின்றேன், அண்ணை குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு நின்றார், நீ மேசைக்குக் கீழே இருந்து சம்பலை விரலால் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாய். சோதனைக்கு மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்த அதிகாரி சின்ன வயது, மரியாதையான பொடியன், சப்பாத்தைக் கழற்றலாமா என்றுகூட யோசித்தான். படிவத்தைக் கையில் எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தான். உன் பெயரில் தடக்குப்பட்டான். பிறகு முறையை வாசித்தான். "வெட கரன லமயாத?" என்றான். வேலை செய்கிற பிள்ளையா என்று கேட்கிறான் என்பது அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் உடனே விளங்கியது. எனக்கும் உனக்கும். எட்டு மாதத்தில் நீ ஒழுங்கைப் பொடியன்களோடு சண்டை பிடித்துப் பிடித்தே சிங்களம் படித்துவிட்டாய். மேசைக்குக் கீழே இருந்து எழும்பி வந்தாய்.

அதிகாரி உன் பிறப்புச் சான்றிதழைக் கேட்டான். கொடுத்தேன். அதில் தாயின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, படிவத்தில் என் பெயர் இருந்த இடத்தில் மற்ற விரலை வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தான். "கவுத மே லமயா?" யார் இந்தப் பிள்ளை? நீயும் என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறந்தேன், முத்து. சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பொலிஸுக்குப் பொய் எழுதிக் கொடுத்தால் அந்தக் காலத்தில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். என்னைக் கொண்டுபோனால் உனக்கு யார் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணை படிவத்தை எட்டி வாங்கினார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார், விளங்கிவிட்டது. சின்னனில் இருந்து என் முகத்தில் களவு எழுதியிருந்தால் முதலில் வாசிக்கிறவர் அவர்தான். மெனக்கெட்டு, சொல் சொல்லாகத் தேடி, அந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார்: "மகே நங்கிகே துவ. மகே லே. மம வெரதியட லிவ்வே." என் தங்கச்சியின் மகள், என் இரத்தம், நான்தான் பிழையாக எழுதினேன். கடைசி வசனத்தை நீ உன் காதால் கேட்டாய், அடியில் இருந்த கையெழுத்தும் அவருடையது. அதனால் அதை நம்பினாய். நம்பாமல் என்ன செய்வாய்? அந்தப் பொடியன், "வாக்குமூலம் எடுக்க வேணும், ஐயா, வாங்கோ" என்று அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனான். திருநீறு நெற்றியில் காயக்கூட இல்லை. மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதா. நான் இடியப்பம் கருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு வந்தார். சேர்ட் கசங்கியிருந்தது, மற்றபடி அவரைப் பொலிஸ் ஒன்றும் செய்யவில்லை. நீ வாசலில் நின்று, இடுப்பில் இரண்டு கையும் வைத்துக்கொண்டு, "மாமா, நான் உங்கடை வேலைக்காரி இல்லை" என்றாய். எட்டு வயது! அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஓம் பிள்ளை. பிழை என்னிலைதான்" என்றார். அன்றோடு நீ அவரோடு கதைப்பதை நிறுத்தினாய். நான் குசினிக்குள் அவருக்குப் பின்னால் போய், "அண்ணை, நான் பிள்ளையிட்டைச் சொல்லப்போறன்" என்றேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் செம்பை வைத்துவிட்டு, என் வாழ்நாளிலேயே முதல்தரம் எனக்குக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. "விசரே உனக்கு? அவளுக்குத் தேப்பன் இல்லை. நீயும் இல்லையெண்டு போனா, அவள் ஆரிட்டைப் போறது? மாமன் கெட்டவனா இருந்தாப் பரவாயில்லை, மாமன் இல்லாமல் எத்தினை பிள்ளையள் வளருதுகள். வாயை மூடு" என்றார்.

மூடினேன். முதலில் அவர் சொன்னபடியால் மூடினேன். பிறகு வசதியாக இருந்தபடியால் மூடியே வைத்திருந்தேன். நீ அந்த வீட்டில் சாப்பிட மறுத்தாய், அதனால் கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்து வந்தோம். அங்கே வந்த முதல் இரவுச் சாப்பாட்டில் நீ கேட்டாய், "நீங்கள் எண்டா என்னை அப்பிடி எழுதியிருக்க மாட்டீங்கள், என்னம்மா?" நான் "சோறு ஆறுது, சாப்பிடு" என்றேன். வீட்டுக்கார டெய்சியக்கா பிறகு எத்தனையோ தரம் சொன்னா, "உங்கட மகள் உங்களப் பாக்கிற பார்வை இருக்கே, மாதாவப் பாக்கிற மாதிரி" என்று. எனக்கு அது இனித்தது. அதுதான் வெட்கக்கேடு, இனித்தது. அண்ணையின் பங்கை நான் தின்றேன்.

கொட்டாஞ்சேனை வருடங்கள் நல்ல வருடங்கள், அதை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். சந்திக்குச் சந்தி காவலரண் இருந்தது, குண்டுச் சத்தம் கேட்டால் பள்ளிக்கூட வாசலில் தாய்மார் எல்லாரும் செருப்பில்லாமல் நிற்போம். ஆனாலும் நீ வலைப்பந்தில் மாகாணத்துக்கு விளையாடினாய். கலைவிழாவில் கறுப்பாக இருக்கிறாய் என்பதற்காக உனக்கு அசுரன் வேஷம் கொடுத்தார்கள். நான் சண்டைக்குப் போகப் புறப்பட, நீ "விடுங்கோ அம்மா, பாருங்கோ" என்றாய். மேடையில் நீ போட்ட ஆட்டத்தில் சனம் அசுரனுக்குக் கைதட்ட, தேவர்கள் பாவமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு ஆள் எழுந்து நின்று, விசிலடிக்கத் தெரியாமல் வாயில் விரலை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். மாமாதான். நீ காணவில்லை. நீ பெரியபிள்ளையானபோது தாய்மாமன் தண்ணீர் வார்க்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாய். பரீதா ராத்தா தந்தது என்று நீ ஆசையாக உடுத்த அந்தக் கத்தரிப்பூப் பாவாடை தாவணி, ராத்தா தந்ததில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இப்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியாது. இருந்தாலும் தாய் என்றால் சொல்லாமல் விடுவாளா? நீயும் ரவியும் சண்டை பிடிப்பீர்கள், நன்றாகப் பிடியுங்கள். பிழை விட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்குச் சொன்னால் ஒரு ஏச்சு, ஒரு அழுகை, பிறகு தேத்தண்ணி. முப்பது வருடம் கழித்துச் சொன்னால் என்னைப் போல இத்தனை பக்கம் எழுத வேண்டி வரும். அடுத்தது, உனக்குப் பிள்ளை பிறக்கும். அது என்ன நிறத்தில் பிறந்தாலும், லண்டனிலோ மட்டக்களப்பிலோ எவளாவது ஒருத்தி வைரத்தோடு போட்டுக்கொண்டு "ஆற்றை பிள்ளை இது?" என்று கேட்பாள். அவள் வாய் மூடுவதற்கு முன்னால் சொல்லிவிடு, "என்ரை" என்று. யோசிக்க நிற்காதே. நான் யோசித்த அந்த அரை நிமிடம்தான் இவ்வளவும்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. போன மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து களுபோவில ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்தார். உனக்குச் சொல்லக்கூடாது என்று கட்டளை. இப்போது வீட்டில், நாலு கால் தடியைப் பிடித்துக்கொண்டு மாமியோடு சண்டை பிடித்து நடக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் நான் போவேன். போன செவ்வாய், நீ எனக்கு அனுப்பிய அழைப்பிதழ் மாதிரியைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டு எழுத்து எழுத்தாக வாசித்தார். "முத்தாலே எண்டு முழுப் பேரும் போட்டிருக்கிறாள். நல்லது" என்றார். பிறகு நான் தாரை வார்ப்பதற்கு ஐயர் ஒத்துக்கொண்டாரா என்று கேட்டார். ஓம் என்றேன். "அதுதான் முறை" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த நாலு கால் தடியால் என்னை அடிப்பார். இனி யார் உன் கையைப் பிடித்து ரவியின் கையில் கொடுப்பது என்பதை நீ தீர்மானி. அவராக இருக்கலாம், நானாக இருக்கலாம், உன் சாம்பியா அத்தையாக இருக்கலாம். நீ என்னைப் பின்னால் நில் என்றால் நின்று பலகாரத் தட்டு எண்ணுவேன், அந்தச் சாறியோடேயே எண்ணுவேன். ஒரே ஒரு வேண்டுகோள். வாசித்து முடித்ததும் எனக்கு ரெலிபோன் எடுக்காதே. முதலில் மாமாவுக்கு எடு. அவருக்குக் காது மந்தம், யார் என்று மூன்று தரம் கேட்பார், பொறுமையாகச் சொல். "நான் முத்து, உங்கடை மருமகள்" என்று சொல். அதற்குப் பிறகு எனக்கு எடு. ஏசுவதற்கென்றாலும் எடு, பிள்ளை. நான் போனடியில்தான் இருப்பேன்.

அம்மா